மூன்றரை மில்லிமீட்டர் துளை

2008 ஆகஸ்ட் கடைசியில் நிக்கான் நிறுவனம் டி90 என்ற கேமராவை அறிவித்தது. லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா ஒன்று வீடியோவும் எடுத்தது அதுவே முதல்முறை. ஒலியும் பதிவானது, ஆனால் உள்ளேயே பொருத்தியிருந்த ஒற்றை மைக்கில் மட்டும். வெளி மைக் செருக வழியே இல்லை. மூன்று வாரம் கழித்து கேனான் அறிவித்த 5டி மார்க் 2 கேமராவில், பக்கவாட்டு ரப்பர் மூடிக்கு அடியில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ மைக் துளை ஒன்று இருந்தது. வெளி மைக்கை மாட்டிவிட்டுக் குரல் வரவில்லை, இரைகிறது, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று இன்றைக்குத் தவிப்பவர்களின் கதை பெரும்பாலும் அந்தத் துளையில்தான் தொடங்குகிறது.

5டி மார்க் 2 புகைப்படக்காரர்களுக்காகச் செய்த கருவி. செய்தி நிறுவனங்கள் தங்கள் படக்காரர்களின் கையில் வீடியோவும் வேண்டும் என்று கேட்டதால் அந்த வசதி சேர்ந்தது. வின்சென்ட் லாஃபொரே அதைக் கொண்டு நியூயார்க்கில் எடுத்த 'ரெவெரி' குறும்படம் வெளியானதும் சினிமாக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். பெரிய சென்சார், பின்னணி மங்கிய இரவுக்காட்சிகள், வாடகைக் கேமராக்களோடு ஒப்பிட்டால் சொற்ப விலை. ஆனால் அந்தப் படம் இசையோடு ஓடியது. அதே கேமராவில் வசனம் எடுக்கப் போனவர்களுக்குத்தான் தொல்லை காத்திருந்தது.

அந்தக் கேமராவில் முதலில் ஒலி அளவைக் கையால் அமைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஏஜிசி என்ற தானியங்கி அமைப்பே பார்த்துக்கொண்டது. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், 'சத்தம் குறைந்துவிட்டது' என்று அது பெருக்கத்தைக் கூட்டும். மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேமராவின் மலிவான முன்பெருக்கியில் இருக்கும் இரைச்சல் அப்போது மேலெழும். ஃபேன், வண்டி, பக்கத்து அறை எல்லாம் கூடவே வரும். அவர் மறுபடி வாயைத் திறந்தால் பெருக்கம் சட்டென்று இறங்கும். இப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் ஏறி இறங்கிய ஒலியை எடிட்டிங்கில் சரிசெய்வது ஏறக்குறைய முடியாத காரியம். விலையுயர்ந்த மைக் வாங்கியவர்கள் மைக் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போனார்கள். பழுது மைக்கில் இல்லை.

அடுத்த நான்கு ஆண்டுகளில் இதற்கு மாற்று தேடியவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. சிலர் கேமராவின் ஒலியையே கைவிட்டு, 2009இல் வந்த ஸூம் எச்4என் போன்ற தனி ரெக்கார்டரில் பதிந்தார்கள். காட்சி தொடங்கும்போது கிளாப் அடித்து, பிறகு கணினியில் இரண்டையும் பொருத்தினார்கள். அந்தப் பொருத்தும் வேலையைத் தானே செய்யும் புளூரல்ஐஸ் என்ற மென்பொருளும் அப்போதே வந்துவிட்டது. இன்னொரு உத்தி விசித்திரமானது: இரண்டு சானல்களில் ஒன்றில் விடாமல் ஒரு தொனியை ஊட்டினால் ஏஜிசி, சத்தம் எப்போதும் பலமாக இருப்பதாக நம்பி, பெருக்கத்தை ஏற்றாமல் இருந்துவிடும். மற்ற சானலில் குரல் சுத்தமாகக் கிடைக்கும். இதற்கென்றே கேமராவுக்கு அடியில் திருகி மாட்டும் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன.

டிராம்மெல் ஹட்சன் என்ற நிரலாளர் ஒரு படி மேலே போனார். 2009இல் அவர் தொடங்கிய மேஜிக் லேன்டர்ன் என்ற இலவச மென்பொருள், கேமராவின் ஃபர்ம்வேரோடு சேர்ந்து ஓடி, ஏஜிசியை அணைத்தது. திரையில் ஒலி அளவுக் கோடுகளைக் காட்டியது. அதே ஆண்டு ஜூனில் கேனான் கொடுத்த புதுப்பிப்பில் ஒளிக்கான கைக்கட்டுப்பாடு வந்தது, ஒலிக்கு வரவில்லை. 2010 மார்ச்சில்தான் 64 படிகளில் ஒலி அளவை அமைக்கும் வசதி அதிகாரபூர்வமாகக் கிடைத்தது. அந்த 2.0.3 பதிப்பிலும் ஒரு வழு: சில அமைப்புகளில் கேமராவை அணைத்துப் போட்டால் ஒலியே பதிவாகவில்லை. உடனே அதைத் திரும்பப் பெற்று 2.0.4 வெளியிட்டார்கள். கேனானின் 7டி கேமரா வைத்திருந்தவர்கள் இதே வசதிக்கு 2012 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஹெட்போன் துளை இல்லாதது. பதிவாவதைக் காதால் கேட்க வழி தராமல் பதிவு செய்யச் சொன்னது, ஒலிப்பதிவுத் தொழிலின் அடிப்படைக்கே எதிரானது. கேபிள் பாதி கழன்றிருந்தாலும், மைக்கின் பேட்டரி தீர்ந்திருந்தாலும் வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரியும். கல்யாண முகூர்த்தத்தை இரண்டாம் முறை எடுக்க முடியுமா? 2012இல் வந்த 5டி மார்க் 3, நிக்கான் டி4, டி800 ஆகியவற்றில்தான் அந்தத் துளை இடம்பிடித்தது.

தமிழ் சினிமாவை இந்தத் தொல்லை அதிகம் தொடவில்லை. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) 7டி கேமராவில் விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த படம். ஆனால் இங்கே வசனத்தைப் பிற்பாடு டப்பிங் தியேட்டரில் பேசிச் சேர்ப்பது நீண்டகால வழக்கம். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி பெரும்பாலும் வழிகாட்ட மட்டுமே. அடிபட்டவர்கள் பேட்டி எடுத்தவர்கள், ஆவணப்பட இயக்குநர்கள், கல்யாண வீடியோக்காரர்கள்.

பிளக்கின் கதை இன்னும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் இணைப்பு மாற்றச் செய்த கால் அங்குல பிளக்கின் குட்டி வடிவம்தான் 3.5 மில்லிமீட்டர் பிளக். டிரான்சிஸ்டர் ரேடியோவின் காதொலிப்பான் அதைப் பரப்பியது, வாக்மேன் அதன் ஸ்டீரியோ வடிவத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. கேமரா மைக்கின் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள். செல்போனுக்கென்று செய்த காலர் மைக்கில் மூன்று. இரண்டும் ஒரே துளைக்குள் அழகாக உட்காரும், தொடர்புகள் மட்டும் இடம் மாறிவிடும். போன் மைக்கைக் கேமராவில் நேராகச் செருகினால் மௌனம் கிடைப்பது இதனால்தான். பானசோனிக் ஜிஎச்1, ஜிஎச்2 கேமராக்களிலோ துளையே 2.5 மில்லிமீட்டர், அடாப்டர் இல்லாமல் 3.5 மில்லிமீட்டர் மைக் எதுவும் நுழையாது.

மின்சாரம் அடுத்த புதிர். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக் சில வோல்ட்டில் இயங்கும். அந்தச் சில வோல்ட்டைக் கேமராவின் துளையே தந்துவிடும். ஸ்டுடியோ மைக்குகள் பலவற்றுக்கு அது போதாது. 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் மைக் செய்தபோது, அங்கே துணை விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்ததால் அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் உலகத் தரம் அதுதான். வெறும் மாற்றுக் கேபிள் போட்டு அத்தகைய மைக்கைக் கேமராவில் மாட்டினால் அது விழிப்பதே இல்லை. நடுவில் 48 வோல்ட் தரும் ஒரு பெட்டி வேண்டும்.

மைக் தயாரிப்பாளர்களும் கேமராவின் பலவீனத்தை அறிந்தே வேலை செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட வீடியோமைக் ப்ரோவின் பின்புறத்தில் 20 டெசிபெல் கூட்டும் சுவிட்ச் இருந்தது. மைக்கிலேயே ஒலியை உயர்த்திவிட்டு, கேமராவின் அளவைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டால் முன்பெருக்கியின் இரைச்சல் அடங்கிவிடும். அதே நிறுவனம் 2023இல் கொண்டுவந்த வயர்லெஸ் ப்ரோவில், சட்டையில் குத்தும் சிறு டிரான்ஸ்மிட்டரே குரலை 32 பிட் ஃப்ளோட் முறையில் தனக்குள் பதிந்துகொள்கிறது. கேமராவின் துளையில் கேபிள் கழன்றாலும், அளவு எல்லை மீறினாலும், அந்தப் பிரதியை எடுத்துப் படத்தோடு பொருத்திக்கொள்ளலாம்.