வரைபடச் சாளர உறைவு

வரைபடச் சாளர உறைவு என்பது, தரவுகளை வரைபடமாகக் காட்டும் கணினிச் சாளரம் சுட்டி, விசைப்பலகை ஆகியவற்றின் உள்ளீடுகளுக்குப் பதிலளிக்காமல் நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். ஜான் ஹன்டர் என்பவர் பைத்தான் நிரல்மொழிக்காக உருவாக்கி 2003 இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் நிரலகத்தில் இது பரவலாகக் காணப்படும் சிக்கல் ஆகும்.

காரணம்

வரைகலை இடைமுகம் கொண்ட செயலிகளில் நிகழ்வுச் சுழற்சி ஒன்று இயங்குகின்றது. சொடுக்குதல், சாளரத்தை நகர்த்துதல், மீள்வரைதல் போன்ற வேண்டுதல்களை இது வரிசையாக நிறைவேற்றுகின்றது. அதே இழையில் நீண்ட கணக்கீடு நடந்தால் இவ்வரிசை கவனிக்கப்படாது. விண்டோசு இயங்குதளத்தில் சில நொடிகள் இவ்வாறு கடந்தால் சாளரம் வெளிறி, பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்புத் தோன்றும். நிரல் பழுதடைந்தது என்பது இதன் பொருளன்று. கணக்கீடு முடிந்ததும் சாளரம் மீளக்கூடும்.

எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலத்தின் அருவிக்காலம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது. சூன் 1 முதல் செப்டம்பர் 30 வரையான 122 நாட்களின் மழையளவை, நொடிக்கு ஒரு நாள் வீதம் வரையும் நிரலைக் கொள்வோம். இடைவெளிக்குப் பைத்தானின் "சிலீப்" கட்டளையைப் பயன்படுத்தினால், நிகழ்வுச் சுழற்சியும் நின்று, இரண்டு நிமிடங்களுக்கு மேல் சாளரம் உறைந்திருக்கும். மேட்பிளாட்லிப்பின் "பாஸ்" கட்டளையோ காத்திருக்கும் நேரத்தில் நிகழ்வுச் சுழற்சியை இயக்குவதால், புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்.

தீர்க்கும் முறைகள்

* "ஷோ" கட்டளைக்குப் பின் நிரல் நகராமல், சாளரம் மட்டும் இயங்கினால் அது உறைவு அன்று. சாளரம் மூடப்படும்வரை நிரலை நிறுத்திவைப்பது அக்கட்டளையின் இயல்பு.
* சாளரமே தோன்றாவிடின் வரைதல் இயக்கியைச் சரிபார்க்க வேண்டும். "ஆக்" இயக்கி படத்தைக் கோப்பாக மட்டுமே எழுதும். சாளரத்திற்கு "கியூட்டி", "டிகே" போன்றவை தேவை.
* நீண்ட கணக்கீட்டைத் தனி இழைக்கு மாற்றலாம். ஆயினும் வரைதலை முதன்மை இழையிலேயே செய்தல் வேண்டும்.
* பல இலட்சம் புள்ளிகள் இருப்பின் அவற்றைக் குறைத்து வரையலாம். அப்போது ஒவ்வொரு பகுதியின் உச்ச, தாழ் அளவுகளை விட்டுவிடலாகாது.

கவனிக்க வேண்டியது

உறைந்த சாளரம் இறுதியாக வரைந்த படத்தையே காட்டிக்கொண்டிருப்பதால், பழைய அளவு தற்போதைய அளவாகத் தோன்றக்கூடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இவ்வாறு விரைந்து மாறும் நீர்மட்டம் போன்றவற்றைக் கண்காணிக்கும் செயலிகளில், இறுதியாகப் புதுப்பித்த நேரத்தை வரைபடத்தின் தலைப்பில் காட்டுவது இன்றியமையாதது. எச்சரிக்கை விடுக்கும் பணியையும் வரைபடச் சாளரத்தைச் சாராத தனி நிரலிடம் ஒப்படைத்தல் நன்று.

இவற்றையும் பார்க்க

* நிகழ்வுச் சுழற்சி
* பைத்தான்
* குற்றாலம்