அந்தக் காசில் யாருடைய நேரம்?



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம்முடைய கைப்பேசியை என்னிடம் காட்டினார். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் சிறிய தொகைதான். கூட்டிப் பார்த்தால் அவருடைய ஒரு வாரக் கூலியைத் தாண்டியது. அவர் ஆடை தைக்கும் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர். பள்ளியில் படிக்கும் அவருடைய மகன், நண்பர்களோடு சேர்ந்து ஆடும் ஓர் இணைய விளையாட்டில் செலவழிக்கும் காசை வாங்குவதற்காக அந்தப் பணத்தைச் செலுத்தியிருந்தான். “ஐயா, பையனைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எதை வாங்கினாய் என்று கேட்டால், இல்லாத ஒரு காசைக் காட்டுகிறான். இது பணமா, விளையாட்டா?” என்று கேட்டார்.

அன்று என்னால் அவருக்கு நேரான பதில் சொல்ல இயலவில்லை. ஆகவே அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று எனக்கு விளங்கிற்று. அந்தக் காசு வெறும் காற்று அன்று. அதற்குள் யாரோ ஒரு மனிதருடைய நேரம் அடங்கியிருக்கிறது. யாருடைய நேரம் என்பதே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாறிவந்திருக்கிறது.

ஓர் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் காசு என்பது உலகத்துக்குப் புதிதன்று. நம் ஆண்டவருடைய நாட்களில் எருசலேம் தேவாலயத்துக்குரிய அரைச்சேக்கல் வரியைத் தீரு பட்டணத்து வெள்ளிக்காசாகச் செலுத்தும் வழக்கம் இருந்தது. தூரதேசங்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் கையில் இருந்த பணத்தைப் பிராகாரத்திலே காசுக்காரரிடம் மாற்றினார்கள். மாற்றுக்குக் கட்டணமும் கொடுத்தார்கள். வெளியே உள்ள பணம் உள்ளே செல்லாத இடத்தில், வாசலில் பலகை போட்டு உட்காருகிறவனுக்கு ஆதாயம் உண்டு. இந்தப் பழைய உண்மையை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவில் அல்டிமா ஆன்லைன் என்னும் விளையாட்டு வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை நாட்டுக்குள் நுழைந்து, மரம் வெட்டி, சுரங்கம் தோண்டி, வீடு கட்டி வாழ்ந்தார்கள். அந்த நாட்டுக்குத் தங்கக் காசு இருந்தது. அந்தக் காசைச் சேர்க்க ஒரே வழி பொறுமையான உழைப்பு. ஒரே செயலை நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். விரைவில் மனிதருக்கே உரிய ஒரு காரியம் நடந்தது. சம்பளம் உள்ளவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் உள்ளவர்களுக்குப் பணம் இல்லை. இருவரும் ஈபே என்னும் இணைய ஏலக்கடையில் சந்தித்தார்கள். ஒருவர் டாலரைக் கொடுத்தார். மற்றவர் விளையாட்டுக்குள் ஓரிடத்தில் காத்திருந்து தங்கத்தை ஒப்படைத்தார். விளையாட்டுக் காசுக்கு மெய்யான பணத்தில் விலை உண்டாயிற்று.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டு வந்தது. அதன் கற்பனை உலகத்துக்கு நோராத் என்று பெயர்; நாணயம் பிளாட்டினக் காசு. அங்கும் வியாபாரம் பெருகிற்று. அதை நடத்திய சோனி நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. விளையாட்டுக்குள் இருப்பவை யாவும் தனக்கே உரியவை, ஆடுகிறவர் அவற்றை விற்க முடியாது என்று அது சொன்னது. அதன் வேண்டுகோளின்படி 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈபே அந்த ஏலங்களை நீக்கியது. ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. வேறு தளங்களுக்குச் சென்றது.

அதே ஆண்டில் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர், இல்லாத இந்த நாட்டின் பொருளாதாரத்தை இருக்கும் நாட்டைப் போலவே கணக்கிட்டார். ஒரு பிளாட்டினக் காசின் மதிப்பு ஏறக்குறைய ஒரு அமெரிக்க சென்ட். அக்காலத்து ஜப்பானிய யென்னைவிடவும் இத்தாலிய லிராவைவிடவும் அது அதிகம். நோராத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் ஆடினால் சராசரியாக 3.42 டாலர் மதிப்புள்ள பொருளை ஈட்டினார். தனிநபர் உற்பத்தியில் அந்தக் கற்பனை நாடு ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவே நின்றது. பலர் இதை வேடிக்கையாகவே வாசித்தார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கூலி என்று எழுதப்பட்ட அந்த வரியில் ஓர் எச்சரிக்கை இருந்தது. கூலி இருக்கும் இடத்துக்குக் கூலியாட்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னே கூலிக்கு ஆள் பிடிக்கிறவன் வருவான்.

அவ்வாறே வந்தான். 2004ஆம் ஆண்டு நவம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்து, பல இலட்சம் பேரை ஈர்த்தது. அதன் தங்கத்துக்கு எழுந்த தேவையை நிறைவேற்றச் சீனாவின் பல நகரங்களில் பட்டறைகள் தோன்றின. இந்தத் தொழிலை ஆங்கிலத்தில் கோல்ட் ஃபார்மிங் என்றார்கள். தங்கம் பயிரிடுதல் என்று பொருள் கொள்ளலாம்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் நான்ஜிங் நகரத்துப் பட்டறை ஒன்றைக் கண்டு நியூயார்க் டைம்ஸ் வார இதழில் எழுதினார். அங்கே ஒரு தொழிலாளி இரவுதோறும் 12 மணி நேரம் திரைக்கு முன் அமர்ந்து, ஒரே விதமான எதிரிகளைக் கொன்று காசு சேர்த்தார். மாதத்தில் இரண்டு மூன்று இரவுகளே ஓய்வு. 100 காசுக்கு அவருக்குக் கிடைத்தது 10 யுவான், அதாவது ஏறக்குறைய 1.25 டாலர். மணிக் கணக்கில் பார்த்தால் சுமார் 30 சென்ட். முதலாளி அதே 100 காசை 3 டாலருக்கோ அதற்கு மேலோ இணைய வியாபாரியிடம் விற்றார். அது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்த விளையாட்டுக்காரரிடம் போய்ச் சேரும்போது விலை 20 டாலர் வரை உயர்ந்திருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008இல் செய்த மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய 4 இலட்சம் பேர் இத்தொழிலில் இருந்தார்கள். அவர்களுடைய சராசரி மாத வருமானம் 145 டாலர்.

இங்கே நம் மனதைத் தைக்கிற ஒரு காரியம் உண்டு. காசை வாங்கியவர்கள் இந்த மனிதரை நன்றியோடு நினைக்கவில்லை. விளையாட்டுக்குள் இவர்களை அடையாளம் கண்டால் வசைபாடினார்கள். கூட்டமாகச் சேர்ந்து இவர்களுடைய பாத்திரங்களைக் கொன்றார்கள். சீனர் என்ற பெயரே அங்கே ஒரு வசைச்சொல் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில் துணி வெளுத்த சீனத் தொழிலாளரை அந்நாட்டார் நடத்திய விதத்தோடு இதை நிக் யீ என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டார். உழைப்பு வேண்டும், உழைக்கிறவன் வேண்டாம் என்னும் மனநிலை பழையது. இடம் மட்டும் புதியது.

இதைவிடத் துயரமான சாட்சியும் உண்டு. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், சீனாவின் ஹெய்லாங்ஜியாங் மாகாணத்து உழைப்பு முகாமில் இருந்த ஒரு முன்னாள் கைதியின் வாக்குமூலத்தை வெளியிட்டது. பகலில் கல் உடைக்கவும் பள்ளம் தோண்டவும் வைத்தார்கள், இரவில் இணைய விளையாட்டில் காசு சேர்க்க வைத்தார்கள், அளவு குறைந்தால் அடித்தார்கள் என்று அவர் சொன்னார். காவலர்கள் அந்தக் காசை விற்றுப் பணமாக்கினார்கள் என்றும் சொன்னார். அறுத்தவர்களுடைய கூலி பிடித்துவைக்கப்பட்டால் அதுவே கூப்பிடும் என்று யாக்கோபு தம் நிருபத்தில் எச்சரிக்கிறார். திரையில் மின்னும் ஒரு சிறு காசுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று அதை வாங்கிய எந்த இளைஞன் நினைத்திருப்பான்?

இதற்குள் நிறுவனங்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டன. வெளியே நடக்கும் வியாபாரத்தை ஒழிக்க முடியாவிட்டால், அதை நாமே நடத்துவோம் என்று தீர்மானித்தன. டயப்லோ 3 என்னும் விளையாட்டில் 2012இல் மெய்யான பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கூடம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஆனால் போராடிப் பெறவேண்டியதை விலைக்கு வாங்க முடிந்ததால் ஆட்டமே சாரமற்றுப்போயிற்று. அதை நடத்திய பிளிசார்ட் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏலக்கூடத்தை மூடியது. எனினும் அடுத்த ஆண்டே அதே நிறுவனம் வார்கிராஃப்டில் 20 டாலருக்கு ஒரு டோக்கனை விற்கத் தொடங்கியது. அதை வாங்கியவர் விளையாட்டுக்குள் தங்கத்துக்கு விற்கலாம்.

மற்றொரு பக்கத்தில், விளையாட்டையே இலவசமாகக் கொடுத்து உள்ளே இருக்கும் பொருள்களை மட்டும் விற்கும் முறை வளர்ந்தது. தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் 2000களின் தொடக்கத்திலேயே இதைச் செய்துகாட்டியது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன் செயலிகளுக்குள்ளே பொருள் வாங்கும் வசதியைத் தந்தபின், இந்த முறை நம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். முதலில் அந்தக் காசில் விளையாடியவருடைய நேரம் இருந்தது. பின்பு தூரதேசத்து ஏழையின் நேரம் இருந்தது. இப்போதோ நிறுவனம் தானே அச்சடிக்கிறது. அதை உண்டாக்க ஒருவரும் வியர்வை சிந்த வேண்டியதில்லை, எவ்வளவு விற்றாலும் தீராது. அப்படியானால் அதில் யாருடைய நேரம் இருக்கிறது? வாங்குகிறவருடைய நேரம் மட்டுமே. வாங்குகிறவர் சிறு பிள்ளையானால், அந்தப் பிள்ளைக்காக உழைக்கிறவருடைய நேரம்.

2011இல் ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ் என்னும் குழந்தைகள் விளையாட்டில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து 8 வயதுச் சிறுமி ஒருத்தி கற்பனைப் பழங்களை வாங்கியதில் அவள் வீட்டுக்கு 1,400 டாலர் செலவு வந்தது. ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்தால் அடுத்த 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காமல் வாங்க முடிந்ததே இதுபோன்ற இழப்புகளுக்கு வழிவைத்தது. பிள்ளைகள் இவ்வாறு வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித்தர ஆப்பிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனமும், பட்டன்களைக் குழப்பமாக அமைத்து வேண்டாத செலவை உண்டாக்கியதாகவும், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளை வாங்கவிட்டதாகவும் அதே ஆணையத்தால் குற்றஞ்சாட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் 24.5 கோடி டாலர் திருப்பித்தர அது உடன்பட்டது.

நேராக ரூபாயில் விலை சொல்லாமல் நடுவே ஒரு காசை வைப்பது ஏன்? எடுத்துக்காட்டாக, ஒரு சட்டையின் விலை 800 காசு என்று வைத்துக்கொள்வோம். காசோ 500 ஆகவோ 1,000 ஆகவோதான் விற்கப்படும். 1,000 வாங்கினால் 200 மீந்துவிடும். அந்த 200க்கு வாங்க ஒன்றும் இருக்காது. மீந்ததை வீணாக்காமல் இருக்க மறுபடியும் வாங்கவேண்டும். மேலும், 800 காசு என்பது நம் பணத்தில் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கும் ஒரு நொடி அங்கே தவறிப்போகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் இதையே சுட்டிக்காட்டி, விளையாட்டுக்குள் விற்கும் பொருளின் விலையை மெய்யான பணத்திலும் தெளிவாகக் காட்டவேண்டும் என்று நெறிகளை வெளியிட்டார்கள்.

பிரியமானவர்களே, விளையாட்டைப் பாவம் என்று நான் எழுதவில்லை. நண்பர்களோடு கூடி ஆடுவது பிள்ளைகளுக்கு இயல்பு. ஆனால் காசை மாற்றும் பலகை நம் வீட்டுக்குள், நம் பிள்ளையின் படுக்கைக்கு அருகே வந்திருக்கிறது. அதைக் கவிழ்க்கவேண்டிய கடமை முதலில் பெரியவர்களாகிய நமக்கே உரியது. ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதிருப்போம். ஆயினும் பூட்டு மட்டும் போதாது, காரணத்தையும் சொல்லவேண்டும்.

சென்ற வாரம் அந்தத் தகப்பனாரும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. நான்ஜிங் தொழிலாளியின் கதையை மட்டும் சொன்னேன். 100 காசுக்கு 10 யுவான் என்றதும் தகப்பனார் மெல்லச் சிரித்து, “எங்கள் பீஸ் ரேட்டைப் போலத்தான் ஐயா” என்றார். மகன் அவரை நிமிர்ந்து பார்த்தான். “அப்பா, உங்களுக்கு ஒரு பீஸுக்கு எவ்வளவு தருவார்கள்?” என்று கேட்டான். அவர் சொன்னார். அவன் சிறிது நேரம் விரல்விட்டு எண்ணினான். பின்பு எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்தான். தகப்பனார் அவன் தோளில் கையை வைத்தார்.

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது என் பதில் இதுவே: அது பணம்தான், ஐயா, உங்களுடைய நாட்கள்தான். நம் நாட்களை எண்ணும் அறிவைக் கர்த்தர் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவாராக. ஆமென்.