ஏர் பில்டர்: மாட்டுவதா, கழற்றுவதா?

என் தங்கை பேரன் கோவையில் வேலை பார்க்கிறான். பழைய கார் ஒன்றை வாங்கி, இருக்கன்குடியில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நிறுத்தி, ஒரு வருடமாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறான். எஞ்சினில் டர்போ பொருத்தியாகிவிட்டது. போன வாரம் வந்தவன் கேட்டான்: "தாத்தா, ஏர் பில்டர் போடவா வேண்டாமா? போட்டா பவர் குறையும்னு சொல்றாங்க."

நாற்பது வருடம் டீசல் எஞ்சின் பிரித்தவனிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்வி இவனுக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி. அந்தக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எஞ்சின் குடிப்பது பெட்ரோலை என்று நினைக்கிறோம். அதைவிட அதிகம் குடிப்பது காற்றை. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்றுக்கு மேல். அந்தக் காற்றில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் உள்ளே போகும்.

டர்போ புது விஷயமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூச்சி 1905-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வீணாக வெளியே போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் யோசனை. விற்பனைக்கு வந்த கார்களில் அது ஏறியது 1962-ல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில், ஷெவர்லே வண்டிகளில். பார்முலா ஒன் பந்தயத்துக்கு 1977-ல் ரெனோ கொண்டுவந்தது. ஜெர்மனியின் கே.கே.கே. கூட்டில் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. பிறகு லாரிகளின் முகப்பில் 'டர்போ' என்று பெரிதாக எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பில்டர் வேண்டுமா என்ற வழக்கு உயிர்ப் பிரச்சினையாக வந்தது இரண்டாம் உலகப் போரில். பிரிட்டனின் ஸ்பிட்பயர் போர் விமானத்தை வட ஆப்பிரிக்காவுக்கும் மால்டா தீவுக்கும் அனுப்பவேண்டி வந்தது. அதில் இருந்தது டர்போ இல்லை, எஞ்சின் பற்சக்கரமே சுற்றும் சூப்பர்சார்ஜர். காற்றை அமுக்கும் வேலை ஒன்றுதான். பாலைவன மணல் உள்ளே போனால் எஞ்சின் சீக்கிரமே தேய்ந்துபோகும். அதனால் மூக்குக்குக் கீழே வோக்ஸ் என்ற பெரிய வடிகட்டியைக் கட்டினார்கள். 1942 மார்ச்சில் மால்டாவில் இறங்கிய ஸ்பிட்பயர்கள் இந்தத் தாடையோடுதான் வந்தன. எஞ்சின் பிழைத்தது, ஆனால் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. எதிரி விமானம் பின்னால் வரும்போது அது சின்ன நஷ்டம் இல்லை.

அதற்காக யாரும் வடிகட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. எகிப்தில் அபூகிர் என்ற ஊரின் பராமரிப்புப் பட்டறையில் அதைச் சிறிதாக்கினார்கள். பிந்தைய ஸ்பிட்பயர்களில் வடிகட்டி உள்ளேயே அடங்கியது. தரையில் ஓடும்போது காற்று அதன் வழியாக வரும். தூசி இல்லாத உயரத்துக்குப் போனதும் விமானி நேர்வழியைத் திறந்துகொள்ளலாம். தூசி இருக்கும் இடத்தில் வடிகட்டி, இல்லாத இடத்தில் வேகம். என்ன தெளிவு பாருங்கள்.

"அப்ப ரேஸ் காருக்கு ஏன் போடறதில்ல?" என்றான் பேரன்.

சோழவரத்தில் நானே பார்த்திருக்கிறேன். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடம் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு நல்ல தளம் வந்தது. சோழவரத்தில் சில வண்டிகளின் கார்புரேட்டரில் ஊதுகுழல் மாதிரித் திறந்த வாய்தான், பில்டர் இல்லை. ஆனால் அவர்கள் அந்த எஞ்சினை அடிக்கடி பிரித்து ரிங், பேரிங் பார்க்கிறவர்கள். அதன் ஆயுளை மணிக்கணக்கில் எண்ணுவார்கள். மண் சாலையில் ஓடும் ராலிக்காரனிடம் போய்ப் பில்டரைக் கழற்று என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான்.

நம் ஊர் எது? வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடம். வருடத்தில் பாதி நாள் ஆறு வெறும் மணல். சுற்றிலும் கரிசல். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க சாத்தூர்ப் பக்கமிருந்து நடந்து வரும் கூட்டமும், டிராக்டரும், வேனும் கிளப்பும் புழுதி சாயங்காலம் வரை அடங்காது. ஆற்று மணலில் இருப்பது குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அது என் தவறு. 1978 என்று நினைவு. சீமைக்கருவேலங்கரி ஏற்றக் காட்டுக்குள் போகும் லாரி ஒன்று என்னிடம் வந்தது. மேடு ஏறவில்லை என்றார் டிரைவர். அந்தக் காலத்தில் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான். காற்று உள்ளே வந்து எண்ணெய்க்கு மேல் சட்டென்று திரும்பும். திரும்ப முடியாத கனத்த தூசி எண்ணெயில் விழுந்துவிடும். இந்த லாரியில் அந்த எண்ணெய் சேறாகக் கிடந்தது. கிளீனரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். வண்டி பறந்தது. "இப்படியே ஓட்டுங்க, அடுத்த சர்வீசில் மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதத்தில் நீலப் புகையோடு திரும்பி வந்தது. ஹெட்டைக் கழற்றி லைனருக்குள் விரலை விட்டால், மேலே படிக்கட்டு மாதிரி நகம் தட்டியது. ஆறு சிலிண்டரும் அப்படியே. ஒற்றை லாரி வைத்துப் பிழைத்தவர் அந்த முதலாளி. லைனர், பிஸ்டன், ரிங் வாங்க அவர் வீட்டு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. நான் கூலி வாங்கவில்லை. அதனால் சங்கிலி திரும்பிவிடவில்லை.

டர்போ வண்டியில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். அதன் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். தூசி அதன் அலுமினிய இதழ்களைத் தேய்க்கும். ஒரு சின்ன நட் உள்ளே போனால் இதழ் உடைந்து எஞ்சினுக்குள் போகும்.

பவர் குறையும் என்பது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு? போதுமான அளவுள்ள சுத்தமான பில்டர் தடுப்பது காற்றழுத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். டர்போ கொஞ்சம் கூடுதலாக அமுக்கி அதை ஈடுகட்டிவிடும். அதே நேரம், எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. பில்டரைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் புகைக்குழாய் பக்கத்துக் காற்றை உறிஞ்சவிட்டால் லாபம் எங்கே? பில்டரைப் பெரிதாக வாங்கு, டர்போவுக்கு முன்னால் மாட்டு, குழாயை முன்பக்கத்துக்கு இழுத்து வெளிக்காற்றைக் கொடு என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். எஞ்சின் பின்னடித்தால் தீ உள்வாய் வழியாக வெளியே வரும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அந்தத் தீயைத் தடுத்தது ஏர் கிளீனர்தான். பட்டாசு ஆலைக்குள் போகும் வண்டியின் புகைக்குழாயில் பொறி தடுப்பான் மாட்டும் மண்ணில் வாழ்கிறோம். திறந்த வாயோடு ஓர் எஞ்சினை இந்தப் பக்கம் ஓட்டக்கூடாது.

பேரன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டறப்ப மட்டும் கழற்றிக்கலாமா?" என்றான். கழற்றிக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் பிரிக்க நான் வரமாட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பில்டரை மாட்டினான். புதுக் காரை ஆற்றங்கரைப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பில்டரைக் கழற்றித் துவைகல்லின் மேல் தட்டினான். ஒரு கைப்பிடி கரிசல் மண் விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே திரும்ப மாட்டினான்.