சொல்லுக்குப் பொறுப்பு யார்? காஞ்சிப் பட்டு விற்பனையில் நம்பிக்கை கைமாறிய வரலாறு

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்துக்குச் சினகாஞ்சி என்றும் பெயர் உண்டு. அவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் விசயநகர அமைச்சர் இருகப்பர் தம் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி கட்டுவித்தார் எனக் கல்வெட்டே தெரிவிக்கிறது. செலவு யாருடையது, தூண்டியவர் யார் என்பதை வருகிறவர் எவரும் படித்துக்கொள்ளலாம். அந்த ஊரையொட்டிய காஞ்சி நகரின் பட்டு இன்று பெருமளவுக்குக் கைபேசித் திரையில் விற்கப்படுகிறது. சேலையைப் புகழ்பவர் காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறாரா, நெய்தவர் யார், விற்பவர் அதைக் கையால் தொட்டாவது பார்த்தாரா என்பவை அந்தத் திரையில் பெரும்பாலும் தெரிவதில்லை.

சமூக ஊடக விற்பனையின் அறத்தைப் பற்றிப் பேசுவோர் அதைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முளைத்த சிக்கலாகவே கருதுகிறார்கள். காஞ்சியின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நெய்தவரைக் கண்ணால் காணாத ஒருவர் நெய்த பொருளுக்கு விலை கொடுக்கும்போது, பொருளின் தரத்துக்கு யார் சொல் கொடுப்பது என்ற கேள்வி இந்நகரில் ஆயிரம் ஆண்டுப் பழையது. சொல் கொடுப்பவர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் தறியிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளிப் போயிருக்கிறார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தறிக்காரர் கையில் கணக்கு

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. கச்சிப்பேடு என்று அன்று வழங்கிய காஞ்சியின் ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு உரிய வருவாய்களை அது விவரிக்கிறது. நிறுத்து விற்பவற்றின்மேல் கோல்நிறை கூலி, அளந்து விற்பவற்றின்மேல் கால் அளவு கூலி என்று சந்தையிலிருந்து வரும் கூலிகளும் அவற்றுள் அடங்கும். நகரின் நான்கு சேரிகளில் குடியமர்த்தப்பட்ட பட்டசாலியர் என்னும் நெசவாளரைக் கோயிலின் கணக்கு வழக்கைக் கவனிக்கச் செய்ததையும் அதே செப்பேடு சொல்கிறது.

எடையும் அளவும் சரியா என்ற கேள்வி எழும் இடத்திலேயே நெய்பவரும் பொறுப்பாளராக நின்றார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அக்காலச் சமூகத்தைப் பொற்காலமாக்கிக் காட்டும் நோக்கம் எனக்கில்லை. இத்தகைய பொறுப்பு அரசனுக்கு வேண்டிய சிலருக்கே கிடைத்திருக்கும். ஆனாலும் பின்னாளில் எந்தக் கட்டத்திலும் தறிக்காரர் கையில் கணக்கு இவ்வளவு வெளிப்படையாக வந்து சேரவில்லை.

சங்கத்தின் முத்திரை

இருபதாம் நூற்றாண்டில் பெரிய மாற்றம் கூட்டுறவால் வந்தது. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935இல் தொடங்கியது. காஞ்சியில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா எனப் பல பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. கர்நாடகத்திலிருந்து பட்டு நூலையும் சூரத்திலிருந்து ஜரிகையையும் வணிகரிடம் கடனுக்கு வாங்கி, அவருக்கே சேலையைக் கொடுத்துவந்த குடும்பங்களுக்குச் சங்கம் நூலும் கூலியும் கொடுத்தது. 1971இல் அரசே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைக் காஞ்சியில் நிறுவியது.

ஜரிகைக்காக ஓர் அரசு நிறுவனம் ஏன்? இந்தச் சேலையில் ஏமாற்றுவதற்கு எளிய இடம் அதுதான். அசல் ஜரிகையில் பட்டு நூல் உள்ளே இருக்கும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசுவார்கள். வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டலாம். பட்டுக்குப் பதில் வேறு நூலை வைக்கலாம். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். வித்தியாசம் தெரிய ஆண்டுகள் ஆகும், அல்லது சோதனை வேண்டும்.

நெசவிலும் இதே கதைதான். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளித் தர வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்வும் இடத்தில் விரலை வைத்து நீளவாக்கில் நகர்த்தினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அந்த மேடுதான் இரண்டு பேரின் உழைப்புக்குச் சாட்சி. அதைப் புகைப்படம் எடுத்துக் காட்ட முடியாது. துணைக்கு உட்காருகிற அந்த இடத்தில் நீண்ட காலம் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் இந்தத் தொழிலை நேசிப்பவர்கள் மறைக்கக் கூடாது.

சங்கத்தின் முத்திரை, இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிறுவனம் பொறுப்பு என்று சொன்னது. வாங்குபவர் நெய்தவரை அறியாவிட்டாலும், கேள்வி கேட்க ஒரு கட்டடம் இருந்தது. அந்தக் கட்டடத்தின் உறுப்பினர் பட்டியலில் நெய்தவர் இருந்தார்.

கடையின் பெயர்

நல்லி 1928இல் சென்னையில் தொடங்கியது, ஆர்.எம்.கே.வி. அதற்குச் சற்று முன்பே திருநெல்வேலியில். இத்தகைய கடைகள் தலைமுறைகளாகச் சேர்த்த நற்பெயரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு குடும்பம் நான்கு கல்யாணத்துக்கு ஒரே கடையில் பட்டெடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். தொலைக்காட்சி வந்தபின் தீபாவளிக்கு ஒரு பெயரும் ஆடிக்கு ஒரு பெயருமாகச் சேலைகள் அறிமுகமாயின. 2008இல் சென்னை சில்க்ஸ் உருவாக்கிய விவாகப் பட்டு சுமார் 39 லட்சம் ரூபாய்க்கு விற்று, உலகின் விலையுயர்ந்த சேலையாகக் கின்னஸில் இடம்பெற்றது. சேலைக்குப் பெயர் வந்தது, கடைக்குப் பெயர் வந்தது, நெய்தவருக்குத்தான் வரவில்லை.

1985இல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. விளம்பரத் துறை தன்னைத் தானே நெறிப்படுத்த இந்திய விளம்பரத் தரக் குழுவை அமைத்ததும் அதே ஆண்டில்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மறு ஆண்டு, 1986இல். தறியைக் காக்க ஒரு சட்டம், வாங்குபவரைக் காக்க ஒரு சட்டம், விளம்பரத்துக்கு ஒரு குழு என்று மூன்றும் தனித்தனிப் பாதையில் போயின. விசைத்தறியில் ஓடிய சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால், அது நெசவாளருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் இழைக்கும் தீங்கு. மூன்றையும் இணைத்துப் பார்த்திருந்தால் இது அப்போதே தெளிவாகியிருக்கும்.

நான்கு குறிகள், நான்கு உத்தரவாதங்கள்

2004இல் மத்திய பட்டு வாரியம் சில்க் மார்க்கைக் கொண்டுவந்தது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிப் பட்டு 2005-06இல் அக்குறியீட்டைப் பெற்றது. கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. 2015 ஆகஸ்டு 7ஆம் தேதி, முதல் தேசியக் கைத்தறி நாளில், இந்தியக் கைத்தறி பிராண்டு சென்னையில் அறிமுகமாயிற்று.

இந்தக் குறிகளைப் பற்றிய குழப்பம் இன்றைய இணைய விற்பனையின் பாதிப் பொய்களுக்கு இடம் கொடுக்கிறது. சில்க் மார்க், துணி பட்டு என்று மட்டுமே சொல்கிறது. அது கைத்தறியா, காஞ்சியில் நெய்ததா, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை. கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்கிறது, அதோடு சரி. ஊரைச் சொல்வது புவிசார் குறியீடு ஒன்றுதான். அதைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் 'சில்க் மார்க் இருக்கு சிஸ், ஒரிஜினல் காஞ்சிபுரம்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, முதல் பாதியின் உண்மை இரண்டாம் பாதிக்குத் துணை போகிறது. சட்டம் பிடிக்க முடியாத இந்த இடைவெளியில்தான் அறம் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

குழுவின் காலம்

2015 மார்ச்சில் பெங்களூரைச் சேர்ந்த அல்லி மாத்தன், அஞ்சு மௌட்கல் கதம் என்னும் தோழியர் இருவர் அந்த ஆண்டில் நூறு முறை சேலை உடுத்துவது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒவ்வொரு சேலையோடும் அதன் நினைவையும் எழுதிப் பகிர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். விற்கும் நோக்கமில்லாமல், சேலையின் வரலாற்றைப் பேசும் வாடிக்கையாளர் சமூகம் இணையத்தில் இயல்பாக உருவாகும் என்பதை அது காட்டியது. இந்த வரலாற்றில் மிக நல்ல நிகழ்வு அதுவே.

பிறகு வணிகம் வந்தது. 2016இல் மலிவான இணையம், 2018 தொடக்கத்தில் வணிகருக்கான வாட்ஸ்அப், 2020 மார்ச்சில் ஊரடங்கு. கடைகள் மூடியிருந்த மாதங்களில் தேங்கிய சேலைகளுக்கு வாட்ஸ்அப் குழுவும் முகநூல் நேரலையும் வழி திறந்தன. தறி வைத்திருப்பவரே கைபேசியைத் திருப்பிப் பாவையும் தறியையும் காட்டி விற்கும் வாய்ப்பு முதல்முறையாகக் கிடைத்தது. அதே வழியில் மறுவிற்பனையாளர்களும் வந்தார்கள். ஒரே சேலையின் ஒரே படம் பத்துக் குழுக்களில் பத்து விலையோடு சுற்றுகிறது.

அத்தகைய ஒரு குழுவில் வழக்கமாகக் காணும் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். 'ப்யூர் காஞ்சிபுரம், பிரைடல் கலெக்‌ஷன், ஒரே பீஸ், விலைக்கு இன்பாக்ஸ், நோ ரிட்டர்ன், பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம்.' ஆறு துண்டுகள். அவற்றுள் சிலவற்றுக்குச் சட்டப் பின்னணி இருக்கிறது. 'ப்யூர்' என்பது பட்டைக் குறிக்கிறதா ஜரிகையையா என்று சொல்லவில்லை. 'ஒரே பீஸ்' உண்மையல்லாமல் அவசரப்படுத்தச் சொல்வதென்றால், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைப் பொய்யான அவசரம் என்று தடுக்கிறது. 'நோ ரிட்டர்ன்' என்று எழுதினாலும், பொருள் சொன்னபடி இல்லையென்றால் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பார்சல் வீடியோ விற்பவருக்கும் ஒரு பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேலையை மாற்றி அனுப்பும் வாங்குபவர்களும் உண்டு. ஆனால் வீடியோ இல்லாததையே புகாரைத் தள்ளக் காரணமாக்குவது, அவசரத்தில் கல்யாணப் பட்டைப் பிரித்த ஒரு தாயைக் குற்றவாளியாக்குவது.

புகழ்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் பரிந்துரை விளம்பரங்களுக்கு 1980லேயே வழிகாட்டுதல் தந்தது. இணைய எழுத்தாளர்களை 2009இல் அதற்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் விளம்பரத் தரக் குழுவின் நெறிகள் 2021 ஜூன் முதல் நடப்பில் உள்ளன. 2023 ஜனவரியில் அரசின் வழிகாட்டுதலும் வந்தது. பரிந்துரைப்பவர் விற்பவரோடு தமக்குள்ள தொடர்பை அறிவிக்க வேண்டும்; பணம் மட்டுமல்ல, இலவசச் சேலையும் தள்ளுபடியும்கூடத் தொடர்பாகவே கொள்ளப்படும். பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்கு மிக வேண்டிய விதி. பத்து நிமிடம் தமிழில் புகழ்ந்துவிட்டு, ஓர் ஆங்கிலச் சொல்லை ஓரத்தில் சிறிதாக ஒட்டுவது போதாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

அட்மின் அழிக்கும் வரி

சட்டம் எட்டாத இடம் குழுவுக்குள்ளேயே இருக்கிறது. 'சாயம் போகுது' என்று ஒருவர் எழுதுகிறார். சற்று நேரத்தில் அந்த வரி இல்லை. எழுதியவரும் குழுவில் இல்லை. மீதமிருப்பவர்கள் காண்பது நன்றிகள் மட்டுமே. பொய் விமரிசனம் எழுதுவதை 2020 விதிகள் தடுக்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தரநிலைகள் அமைவனம் வெளியிட்ட இணைய விமரிசனத் தரநிலை, விமரிசனங்களைச் சேகரித்துக் காட்டும் முறையை வகுக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அழிந்த வரியைத் தேடிப் போகிறவர் யாரும் இல்லை. உண்மையான புகாரை அழிப்பதும் பொய்யான புகழ்ச்சியை எழுதுவதும் என் கணக்கில் ஒரே செயல்தான். எஞ்சியிருப்பவர் இரண்டிலும் ஒரே தவறான முடிவுக்கு வருகிறார்.

இன்னொன்று, மணப்பெண்களின் படங்கள். மகிழ்ச்சியில் ஒரு குடும்பம் குழுவில் பகிர்ந்த படம் மறுவாரம் விளம்பரமாகிறது. குழுவில் போட்டதாலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்று கொள்ள முடியாது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைக் குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியதாகவே பார்க்கிறது. ஒரு வரி கேட்டு அனுமதி வாங்குவதற்கு எந்த அட்மினுக்கும் நேரமில்லாமல் போகாது.

நெய்தவரைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி சமூக ஊடகத்துக்கு வெளியிலிருந்தே வந்தது. 2010களில் கோ-ஆப்டெக்ஸ், சேலையோடு நெசவாளரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்தது. அட்டைக்குச் செலவு மிகக் குறைவு. கைபேசிக் குழுவில் அதே செயலுக்குச் செலவே இல்லை. நெசவாளர் சம்மதித்தால் அவர் பெயர், இல்லையென்றால் அவர் சார்ந்த சங்கத்தின் பெயர், தறி கையா விசையா, ஜரிகைச் சோதனைச் சீட்டின் படம், விலை ஆகியவற்றைச் சேலைப் படத்துக்குக் கீழே போடலாம். மின்வணிக விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும்; புகாரையும் தீர்வையும் குழுவிலேயே அழிக்காமல் விட்டுவைக்கலாம். திருப்பருத்திக்குன்றத்தை அடுத்த கீழ்க்கதிர்ப்பூரில் அமைந்துள்ள பட்டுப் பூங்காவும் நகரின் சங்கங்களும் இந்த வடிவத்தைத் தங்கள் விற்பனைக் குழுக்களில் முதலில் கைக்கொண்டால், தனியார் குழுக்களில் வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கத் தொடங்குவார்கள். நெசவாளரிடம் சம்மதம் கேட்கும் வேலையைக் கூலி கொடுக்கும் நாளில் சங்க அலுவலகத்திலேயே முடித்துவிடலாம்.