சூனியமும் சட்டமும்

சூனியம் நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் கதைகளில் மட்டும் வாழ்ந்ததன்று. அரசும் சட்டமும் அதனை நம்பிய காலம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597இல் பேயியல் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். அவர் இங்கிலாந்தின் அரியணை ஏறிய மறு ஆண்டில், 1604இல், தீய ஆவியோடு உடன்படிக்கை செய்வது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

ஐரோப்பியரின் அவ்வச்சம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். 1545இல் இங்கு வந்த பிரான்சிஸ் சேவியர், கீழைநாடுகளுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டுமென மறு ஆண்டே தம் மன்னருக்கு எழுதினார். 1560இல் அது கோவாவில் நிறுவப்பட்டது. மலாக்காவும் அதன் அதிகாரத்துக்குள் அடங்கியது. திருமுழுக்குப் பெற்றோர் பழைய சடங்குகளை மறைவாகச் செய்வதும், மந்திரிப்பதும் குற்றமாயின. நம் முன்னோரின் வழிபாட்டை அக்காலப் பாதிரிமார் பலர் பேய்வணக்கம் என்றே எழுதினர்.

காலம் மாறியது. பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சட்டம் சூனியக்காரரை விடுத்து, சூனிய ஆற்றல் உண்டென்று ஏமாற்றுவோரையே தண்டித்தது. மலாக்காவிலும் டச்சுக்காரர் ஆட்சியில், 1781இல், செட்டிகளின் பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்தது.

சட்டம் திருந்தியது, மனம் திருந்தியதா? பிள்ளை நோயுற்றால் இன்றும் செய்வினை என்கிறோம். அண்டை வீட்டாரை ஐயுறுகிறோம். நீதிமன்றம் கைவிட்ட வழக்கை நாம் திண்ணையில் நடத்தலாகாது.