அளவையும் உள்பொருளும்

ஒரு பொருளின் குணம் அளக்குமுன்னரே அதன்கண் உளதோ, அளக்குங்கால் தோன்றுவதோ என்னும் வினா தருக்க நூலார்க்கே உரியதென்பர். இருபதாம் நூற்றாண்டில் அது பௌதிக நூலாரிடையே எழுந்து, எண்ணால் ஆராயப்படும் நிலையை எய்திய வரலாறு அறியற்பாலது.

1935-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் என்னும் மூவர், குவாண்டம் கொள்கை நிறைவுடையதன்றென ஒரு கட்டுரை வரைந்தனர். ஒருங்கு தோன்றிப் பிரிந்த இரு துகள்களுள் ஒன்றை அளந்த அளவிலே சேய்மைக்கண் உள்ள மற்றதன் குணமும் ஐயமின்றி அறியப்படும் என்பது அக்கொள்கை. ஒரு சோடி மிதியடியை இரு பெட்டியுள் இட்டு இரண்டு ஊர்க்கு விடுத்தால், ஒன்றைத் திறந்து இடமெனக் கண்டவன் மற்றது வலமென அறிவான். அஃது அப்பொழுது வலமாயினதன்று, முன்னரே அன்னது. அதுபோல, ஓரிடத்துச் செயல் சேய்மைப் பொருளை அக்கணமே தாக்காதாகலான், துகளின் குணமும் முன்னரே உளதாதல் வேண்டும். அதனைக் கூறாத கொள்கை குறையுடைத்து என்பது மூவர் துணிபு.

அவ்வாண்டிலேயே டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் போர் அதனை மறுத்தார். அளக்கும் அமைப்பை விலக்கித் துகளின் குணத்தைத் தனித்துப் பேசுதல் பொருந்தாது என்பது அவர் விடை. ஐன்ஸ்டீன் 1955-லும் போர் 1962-லும் மறைந்தனர், வழக்கு முடிந்திலது.

1964-இல் ஜான் பெல் என்பார் புதுவழி கண்டார். குணங்கள் முன்னரே உள்ளன, சேய்மைத் தாக்குதல் இல்லை என்னும் இரண்டையும் ஒருங்கு கொள்ளின், இருபுறத்து அளவைகளின் இயைபு ஓர் எல்லையைக் கடத்தல் இயலாதென நிறுவினார். 1969-இல் கிளாசர் உள்ளிட்ட நால்வர் அதனைச் சோதனைக்கு ஏற்ப வகுத்தனர். அவ்வகுப்பில் எல்லை 2. குவாண்டம் கொள்கையோ ஏறத்தாழ 2.83 வரை இடந்தரும்.

1972-இல் கிளாசரும் பிரீட்மனும் கால்சியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளித்துகள்களை அளந்து, எல்லை கடக்கப்படுதலைக் கண்டனர். கருவிகள் முன்னரே அமைந்து நிற்றலின் அவற்றிடைத் தொடர்பு உளதாகலாம் என்னும் தடை எழுந்தது. 1982-இல் அஸ்பே, துகள்கள் செல்லும்போதே அளக்கும் முறையை மாற்றி அத்தடைக்கு விடை கண்டார். 2015-இல் டெல்ஃப்ட் நகரத்தார் 1.3 கிலோமீட்டர் இடையிட்டு அளந்து 2.42 பெற்றனர். அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவர்க்கும் 2022-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், மிதியடி உவமை துகள்கட்குப் பொருந்தாது என்பதே. முன்னுள்ள குணம், சேய்மைத் தாக்குதலின்மை என்னும் இரண்டும் ஒருங்கு நில்லா; எதனை விடுவது என்பதைச் சோதனை கூறிற்றிலது. 1952-இல் டேவிட் போம் வகுத்த கொள்கை முன்னதைக் காத்துப் பின்னதை விடுத்தது. இவ்வியைபினால் ஒளியினும் விரைந்து செய்தி விடுத்தலும் இயலாது. மறுக்கப்பட்டது எது, மறுக்கப்படாதது எது என வரையறுத்துக் கோடலே அறிவுடையார் கடன்.