ஆயிரம் அடி

1996 நவம்பர் 12 மாலை, தில்லிக்கு மேற்கே அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரியின் வானில் இரு விமானங்கள் மோதின. ஒன்று தில்லியிலிருந்து மேலேறிக்கொண்டிருந்த சவூதி அரேபியாவின் போயிங் 747. மற்றது தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களுள் இன்றளவும் இதுவே மிகப் பெரியது.

இரு விமானங்களைக் கட்டுப்பாட்டாளர் பிரித்து வைக்கும் வழிகள் அடிப்படையில் இரண்டே. பக்கவாட்டில் சில கடல்மைல் தொலைவு வேண்டும். அஃது இல்லையெனில் உயரத்தில் 1000 அடியாவது வேண்டும். அன்றைய தில்லியில் வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் ஒரே பாதைதான். எனவே பக்கவாட்டு இடைவெளிக்கு இடமில்லை; எஞ்சியது உயரம் மட்டுமே. சவூதி விமானத்திற்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி எனக் கட்டுப்பாட்டாளர் வகுத்துக் கொடுத்தார். அவ்வாணைகளில் பிழையில்லை.

ஆனால் அவர் முன்னிருந்த ரேடார், விமானம் எங்கே இருக்கிறது என்பதைப் புள்ளியாகக் காட்டுமே அன்றி அதன் உயரத்தைக் காட்டாது. உயரத்தை அறிய விமானியின் வாய்மொழி ஒன்றே சான்று. 15,000 அடியை அடைந்துவிட்டதாகக் கஜகஸ்தான் விமானத்திலிருந்து மறுமொழி வந்தது. உண்மையில் அதன் இறக்கம் நிற்கவில்லை.

நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை ஆணையம், அனுமதிக்கப்பட்ட உயரத்திற்குக் கீழே அவ்விமானம் இறங்கியதையே மூலகாரணமாகக் கண்டது. விமானக் குழுவினரின் ஆங்கிலப் புலமைக் குறைவும் சுட்டிக்காட்டப்பட்டது. கோபுரத்தோடு பேசியவர் விமானத்தைச் செலுத்தியவர் அல்லர், வானொலி இயக்குநர். கேட்ட காது ஒருவருடையது, இயக்கிய கை வேறொருவருடையது.

ஆணையைத் திரும்பச் சொல்லவேண்டும் என்பது வான்போக்குவரத்தின் பழைய விதி. நம் திண்ணைப் பள்ளிகளின் முறையும் அதுவே. ஆயினும் ஒப்பித்தல் வேறு, உணர்தல் வேறு என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். திரும்பச் சொன்ன சொல், காதில் விழுந்ததற்குச் சான்றாகலாம்; கை அதன்படி நடந்ததற்குச் சான்றாகாது.

விபத்திற்குப் பின் தில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ரேடார் பயன்பாட்டுக்கு வந்தது. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி இந்திய வான்வெளியில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்குமான மொழித்திறன் விதிகளைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் ஏற்றது.

அந்நிய மொழியில் தடுமாறிய குழுவைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பிழைபடுதல் மனித இயல்பு என்று அறிந்திருந்தும், ஒரே பாதையில் எதிரெதிராக விமானங்களை அனுப்பி, அவற்றிடையே ஒரு சொல்லை மட்டும் காவல் நிறுத்திய ஏற்பாட்டை என்னென்பது? பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள் ஒவ்வொன்றும் அந்தச் சொல்லுக்குத் துணையாக இன்னொரு காவலை நிறுத்தியவைதாம். அத்துணை 349 பேருக்குக் கிடைக்கவில்லை.